ஹிப் ஹாப்புக்கு இது எத்தனையாவது இறுதி ஊர்வலம்?

“பள்ளிக்கூட நாளில் எமினெம், 50 சென்ட் என்று பைத்தியமாகக் கேட்டேன், இப்போது வருவதெல்லாம் வாய்க்குள் முனகுவது போலவே இருக்கிறது; ஹிப் ஹாப் செத்துவிட்டதா, இல்லை எனக்குத்தான் வயதாகிவிட்டதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்குப் பதில் சுலபம்: ஆமாம், ஆகிவிட்டது, எனக்கும்தான். முதலாவது கொஞ்சம் நீளும்.

இந்தப் பேச்சு இப்போது ஏன் திரும்பக் கிளம்பியது என்று முதலில் பார்த்துவிடலாம். 2025 அக்டோபர் 25 தேதியிட்ட பில்போர்டு ஹாட் 100 பட்டியலில், அதாவது அமெரிக்காவில் வாராவாரம் அதிகம் ஓடும் நூறு பாட்டுகளின் வரிசையில், முதல் 40 இடங்களுக்குள் ஒரு ராப் பாட்டுகூட இல்லை. 1990 பிப்ரவரிக்குப் பிறகு, 35 வருடங்களில் இதுதான் முதல் தடவை. செய்தி வந்த அன்றைக்கே ஆளாளுக்கு மாலை வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள்.

அந்த வாரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கும். ராப்பர் கென்ட்ரிக் லமாரும் பாடகி சிஸாவும் சேர்ந்து பாடிய ‘லூதர்’ அதற்கு முந்தைய வாரம் வரைக்கும் 38-ஆம் இடத்தில் உட்கார்ந்திருந்தது. 13 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு, மொத்தம் 46 வாரம் பட்டியலில் கிடந்தது. பழைய பாட்டுகள் இடத்தை அடைத்துக்கொள்கின்றன என்று பில்போர்டு அந்தச் சமயத்தில்தான் விதியை மாற்றியது: 26 வாரம் தாண்டிய பாட்டு 25-ஆம் இடத்துக்குக் கீழே இறங்கினால் தூக்கிவிடுவார்கள். ‘லூதர்’ அந்தக் கத்தியில் மாட்டியது. போதாக்குறைக்கு டெய்லர் ஸ்விஃப்டின் புது ஆல்பம் வந்து, முந்தைய வாரம்தான் அதன் 12 பாட்டும் முதல் 12 இடங்களையும் வாரிக்கொண்டு போயிருந்தது.

சரி, அப்படியானால் எல்லாம் கணக்குப் புரட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல வருகிறேனா? இல்லை. ஹிப் ஹாப் ரசிகர்கள் இந்த விதியைக் காட்டியே தப்பிக்கப் பார்க்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரே ஒரு பாட்டை உருவியதும் கூரை இறங்குகிறது என்றால், அதற்கு முன்பே அந்த ஒற்றைத் தூணில்தான் கூரை நின்றுகொண்டிருந்தது என்று அர்த்தம். 2023-லேயே அறிகுறி தெரிந்தது. அந்த வருடம் பாதி கழிந்து, ஜூலையில் லில் உஸி வெர்ட் வந்த பிறகுதான் ஒரு ராப் ஆல்பம் முதலிடத்தைத் தொட்டது. பாட்டுப் பட்டியலில் டோஜா கேட் செப்டம்பரில்தான் அந்தக் கணக்கைத் திறந்தார். அந்த வருடம்தான் உலகம் முழுக்க ஹிப் ஹாப்பின் ஐம்பதாவது பிறந்தநாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தோம் என்பது தனி வேடிக்கை. ஆக, வியாபாரம் இறங்கியிருக்கிறது என்பது உண்மை. 2017-ல்தான் ராக்கைத் தாண்டி அமெரிக்காவில் அதிகம் கேட்கப்படும் இசையாக ஹிப் ஹாப்பும் ஆர் அண்ட் பியும் சேர்ந்து முன்னுக்கு வந்தன. அந்த உச்சியில் யாரும் நிரந்தரமாகக் குடியிருக்க முடியாது.

ஆனால் கல்லாவில் காசு குறைவதும் அடுப்பு அணைவதும் ஒன்றில்லையே. இந்த இசை எங்கே, எப்படிப் பிறந்தது என்று கொஞ்சம் யோசித்தால் இது புரியும்.

1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்ஸ், 1520 செட்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடம். சிண்டி கேம்பெல் என்ற பெண்ணுக்குப் பள்ளி திறக்கும் முன் புதுத் துணி வாங்கக் காசு வேண்டும், அதற்காக ஒரு பார்ட்டி வைத்தாள். பெண்களுக்கு நுழைவு 25 சென்ட், பையன்களுக்கு 50. பாட்டுப் போட்டது அவளுடைய அண்ணன் கிளைவ், ஜமைக்காவில் பிறந்து 12 வயதில் அமெரிக்கா வந்தவர். டிஜே கூல் ஹெர்க் என்று பிறகு உலகத்துக்குத் தெரிந்தவர். ஆடுகிறவர்களைக் கவனித்துக்கொண்டே இருந்தவருக்கு ஒன்று பிடிபட்டிருந்தது: பாட்டில் பாடகர், கிட்டார், ஊதுகுழல் எல்லாம் அடங்கி டிரம்ஸ் மட்டும் தனியாக வருகிற சில வினாடிகளுக்காகத்தான் கூட்டம் காத்திருக்கிறது. அது வந்ததும் துள்ளுகிறார்கள், போனதும் சோர்ந்து சுவரோரம் சாய்கிறார்கள். அந்தத் துண்டை நீட்ட வேண்டுமே! ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வாங்கி, இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, இதில் அந்த இடம் முடிவதற்குள் அதில் ஊசியை அதே இடத்தில் வைத்துவிடுவது. அதில் முடிவதற்குள் இதைப் பின்னோக்கிச் சுற்றி வைத்துக்கொள்வது. பத்து வினாடி டிரம்ஸ் பத்து நிமிடம் ஓடும்.

யோசித்துப் பாருங்கள், இரண்டு பேர் வாங்க வேண்டிய ரெக்கார்டை ஒரே ஆள் வாங்கி, கேட்பதற்காகச் செய்த இயந்திரத்தை வாத்தியமாக்கிவிட்டார். பிராங்ஸில் அப்போது வீட்டு உரிமையாளர்கள் காப்பீட்டுப் பணத்துக்காகத் தங்கள் கட்டடங்களுக்கே தீ வைத்துக்கொண்டிருந்த காலம். வாத்தியம் வாங்க, கற்றுக்கொள்ளப் பணம் இல்லாத இடத்தில் வீட்டு அலமாரியில் இருந்த பழைய ரெக்கார்டுதான் மூலதனம். இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்த இசையில் பெரிதாக விற்ற முதல் ரெக்கார்டு, சுகர்ஹில் கேங்கின் ‘ராப்பர்ஸ் டிலைட்’, 1979-ல்தான் வந்தது. நடுவில் ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் எந்தப் பட்டியலிலும் ஹிப் ஹாப் கிடையாது, கடையில் கிடையாது, ரேடியோவில் கிடையாது. பூங்காவில் தெருவிளக்கிலிருந்து மின்சாரம் இழுத்து நடந்துகொண்டிருந்தது. முதல் 40-ல் இல்லாத ஒரு வாரத்தை வைத்து மரணச் சான்றிதழ் எழுதுகிறவர்களிடம் அந்த ஆறு வருடத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்க வேண்டும்.

மரணச் சான்றிதழ் என்றதும் நியூயார்க் ராப்பர் நாஸ் ஞாபகம் வருகிறார். 2006 டிசம்பரில் ‘ஹிப் ஹாப் இஸ் டெட்’ என்றே ஆல்பத்துக்குப் பேர் வைத்து வெளியிட்டார், அது நேராக முதலிடத்துக்குப் போனது. செத்துப்போனது என்று சொல்லும் ஆல்பம் முதலிடத்தில்! செல்போன் ரிங்டோனுக்கென்றே பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அட்லாண்டா பக்கத்திலிருந்து விரல் சொடுக்கும் சத்தத்தையும் நாலு வரியையும் வைத்துக் கல்லா கட்டினார்கள். நியூயார்க்காரருக்கு அது பொறுக்கவில்லை என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அமெரிக்காவின் தெற்கத்திக்காரர்களை மட்டம் தட்டுவது அதற்கும் பழைய கதை. 1995-ல் நியூயார்க் விருது மேடையில் அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் குழு ஏறியபோது கூட்டம் ஊளையிட்டது, குழுவில் ஒருவரான ஆந்த்ரே 3000 தெற்குக்கும் சொல்ல விஷயம் இருக்கிறது என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கினார். அதற்கப்புறம் பல வருடம் தெற்கு சொன்னதைத்தான் மற்ற எல்லாரும் கேட்டார்கள்.

நாஸ் அறிவித்த அதே 2006-ல் வேறு என்ன நடந்தது? பிப்ரவரி 7, பீட், அதாவது ராப்புக்கு அடியில் ஓடும் இசை, செய்யும் டெட்ராய்ட்டின் ஜே டில்லா தன் 32-ஆவது பிறந்தநாளில் ‘டோனட்ஸ்’ ஆல்பத்தை வெளியிட்டார், மூன்று நாளில் இறந்துபோனார். பீட் செய்யும் இயந்திரத்தில் தாளத்தைத் தானாக நேர்ப்படுத்தும் வசதி இருக்கும், அதைப் பயன்படுத்தாமல் விரலாலேயே தட்டி, டிரம்ஸை ஒரு மயிரிழை பிந்தவும் முந்தவும் விட்டவர். இன்றைக்கு ஜாஸ் டிரம்மர்கள் உட்கார்ந்து அந்தத் தள்ளாட்டத்தைப் பயிற்சி செய்கிறார்கள். அதே வருடம் கோலாலம்பூரிலிருந்து யோகி பி, நட்சத்திரா குழுவின் ‘வல்லவன்’ வந்தது, இளையராஜாவின் ‘மடை திறந்து’ அதில் ராப்பாகத் திரும்பி வந்தது. சென்னையில் ஷேர் ஆட்டோவில் அதைக் கேட்டு, இது யாருடா என்று நிமிர்ந்து உட்கார்ந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. நாஸுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் 2019-ல் நாஸ் பங்குதாரராக இருக்கும் மாஸ் அப்பீல் இசை நிறுவனம் இந்தியாவில் கிளை திறந்து, மும்பை ராப்பர் டிவைனை முதல் ஆளாகச் சேர்த்துக்கொண்டது. எழவு வீட்டில் கடை போட்ட மாதிரி என்று கிண்டல் செய்யலாம். நான் பாராட்டாகத்தான் சொல்கிறேன்.

உண்மையிலேயே சிலது செத்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். முதலாவது, பழைய மாதிரி சாம்பிள், அதாவது வேறு ரெக்கார்டிலிருந்து துணுக்கு, எடுத்துத் தைப்பது. 1990-ல் முதல் 40-க்குள் ராப் இல்லாத வாரம் என்று மேலே சொன்னேனே, அப்போது 41-ல் நின்று உள்ளே வரக் காத்திருந்தது பிஸ் மார்க்கியின் பாட்டு. அதே பிஸ் மார்க்கி அடுத்த வருடமே ஒரு வழக்கில் சிக்கினார்: கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாட்டை அனுமதி வாங்காமல் எடுத்துப் பயன்படுத்தியது. 1991 டிசம்பரில் வந்த தீர்ப்பை நீதிபதி ‘திருடாதிருப்பாயாக’ என்ற பைபிள் கட்டளையோடு ஆரம்பித்தார். அன்றைக்கு மாறியது தொழில். அதுவரை ஒரு பாட்டுக்குள் பத்துப் பதினைந்து பழைய ரெக்கார்டுகளிலிருந்து துணுக்கு எடுத்துத் தைக்கலாம். அப்புறம் ஒவ்வொரு துணுக்குக்கும் வக்கீல், ஒவ்வொரு கையெழுத்துக்கும் காசு. டி லா சோல் 1989-ல் போட்ட முதல் ஆல்பம் சாம்பிள் தகராறுகளால் ஸ்ட்ரீமிங்குக்கே வராமல் கிடந்து, 2023 மார்ச் 3-ஆம் தேதிதான் வந்து சேர்ந்தது. குழுவில் ஒருவரான ட்ரூகாய் அதற்கு 19 நாள் முன்பு இறந்துவிட்டார். இந்தச் சட்டச் சண்டையில் எந்தப் பக்கம் நியாயம் என்று கேட்டால், எனக்கு ஒரே பக்கம் இல்லை. ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் தட்டிய கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் டிரம்ஸைக் கணக்கில்லாத ராப் பாட்டுகள் எடுத்து ஆண்டன. வாசித்த மனிதருக்கு அதில் பாட்டுரிமைப் பங்கு கிடையாது. சட்டம் பாதுகாத்தது ரெக்கார்டின் சொந்தக்காரரை. குச்சி பிடித்த கை யாருடையது என்று அது கேட்கவே இல்லை.

இரண்டாவது, இதைப் பட்டியல்காரர்கள் யாரும் பேசுவதில்லை: இன்றைக்கு உச்சத்தில் இருந்திருக்க வேண்டிய தலைமுறையே பாதி மண்ணுக்குள் போய்விட்டது. எக்ஸ்எக்ஸ்எக்ஸ்டென்டேசியன் 2018-ல் சுடப்பட்டார், வயது 20. ஜூஸ் வேர்ல்ட் 2019 டிசம்பரில் போதை மாத்திரையால், 21 வயதான ஆறாவது நாள். பாப் ஸ்மோக் 2020 பிப்ரவரியில் சுடப்பட்டார், அவருக்கும் 20. நிப்ஸி ஹஸ்ஸில், கிங் வான், யங் டால்ஃப், டேக்ஆஃப் என்று வரிசை நீளும். ஒரு துறையில் நாலைந்து வருடத்துக்குள் இத்தனை பேரை இழந்துவிட்டு, ஏன் புது நட்சத்திரம் வரவில்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? இருக்கிறவர்களில் யங் தக் 2022 மே மாதம் கைதாகி, பாட்டு வரிகளையே நீதிமன்றத்தில் சாட்சியாக வாசிக்கும் வழக்கில் இரண்டரை வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்தார்.

இனி அந்த முனகல் விஷயம். நீங்கள் வளர்ந்த காலத்தில் ராப் என்றால் வரி. வார்த்தைக்குள் வார்த்தை, எதுகை மேல் எதுகை. இப்போது வருவதில் பெரும்பகுதி குரலைத் தாள வாத்தியமாக வைத்திருக்கிறது. தனி ஆவர்த்தனத்தில் கொன்னக்கோல் சொல்கிறவரிடம் ‘தகதிமி’க்கு அர்த்தம் என்ன என்று நாம் கேட்பதில்லை; அந்தக் காதோடு கேட்டால் மிகோஸ் குழுவின் மும்மூன்று அசையாக உருளும் நடை வேறு மாதிரி விழும். எல்லா முனகலும் நல்ல முனகல் என்று சொல்லவில்லை. முக்கால்வாசி குப்பைதான். 1998-லும் முக்கால்வாசி குப்பைதான், அது நமக்கு ஞாபகம் இல்லை, அவ்வளவுதான்.

என் அக்கா மகன் பொறியியல் இரண்டாம் வருடம், விடுதியில் இருந்து வந்தால் மடிக்கணினியைத் திறந்து பீட் போட உட்கார்ந்துவிடுவான். போன பொங்கலுக்கு அவன் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரையில் சுருதிக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் 808 என்று எல்லாரும் சொல்லும் அந்த அடிவயிற்றைத் தொடும் பேஸ். ரோலண்ட் நிறுவனம் 1980-ல் விட்டு, உண்மையான டிரம்ஸ் மாதிரி ஒலிக்கவில்லை என்று விலைபோகாமல் மூன்றே வருடத்தில் நிறுத்திய இயந்திரத்தின் சத்தம் அது. அவன் ஒரு சுரத்தை வைத்தான், அதன் மேல் இன்னொன்றைச் சறுக்கு என்று குறித்து வைத்தான், பேஸ் முதல் சுரத்திலிருந்து அடுத்ததற்கு ஊங்… என்று வழுக்கிக்கொண்டு போனது. “இதுதான் மாமா டிரில்” என்றான். கமகம் மாதிரி இருக்கிறதே என்றேன், அதெல்லாம் எனக்குத் தெரியாது என்றான்.

அந்தச் சறுக்கலின் பயணம் பெரிய கதை. சிகாகோவின் தெற்குப் பகுதிப் பையன்கள் 2012 வாக்கில் சீஃப் கீஃப் என்ற ராப்பரோடு ஆரம்பித்த டிரில் என்ற ராப் வகையை லண்டன் பிரிக்ஸ்டன் பையன்கள் எடுத்து, தங்கள் ஊரின் கிரைம் (grime) என்ற இசை வகையின் பதற்றத்தையும் இந்த வழுக்கும் பேஸையும் சேர்த்தார்கள். லண்டன் பீட்காரர் 808மெலோவிடமிருந்து அது புரூக்ளினின் பாப் ஸ்மோக்குக்குப் போய் மறுபடி அமெரிக்காவுக்கே வந்தது. இப்போது பள்ளிக்கரணையில் ஒரு மாடி அறையில் வந்து நிற்கிறது. லண்டனில் ஒரு கட்டத்தில், 2019-ல், நீதிமன்றத் தடையை மீறி ஒரு டிரில் பாட்டைப் பாடியதற்காக ஸ்கெங்டோ, ஏஎம் என்ற இரண்டு பேருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கொடுத்தார்கள். செத்த பாட்டுக்கு யாரும் போலீஸ் வைப்பதில்லை.

இன்னொரு விஷயம், ஹிப் ஹாப் வேறு பேரில் ஒளிந்துகொண்டு முதலிடத்தில் இருப்பது. 2024-ல் ஷபூஸி பாடி 19 வாரம் முதலிடத்தில் இருந்த கன்ட்ரி, அதாவது அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டு, 2004-ல் ஜே-குவான் போட்ட ‘டிப்ஸி’ என்ற ராப் பாட்டின் மேல் கட்டியது. அதற்கு முன் 19 வாரம் நின்றது லில் நாஸ் எக்ஸின் ‘ஓல்ட் டவுன் ரோடு’. அதை கன்ட்ரி பட்டியலில் சேர்த்து, இது கன்ட்ரி இல்லை என்று பில்போர்டே நீக்கியது. கொரியக் குழுக்களில் ராப் பாடுவதற்கென்றே ஆள் உண்டு. நம் சினிமாவில் ராப் துண்டு இல்லாத ஆல்பம் தேடவேண்டியிருக்கிறது. இதை வெற்றி என்று நான் கொண்டாட மாட்டேன். உப்பு எல்லாக் குழம்பிலும் இருப்பதால் உப்புக் கடைக்காரர் பணக்காரராகிவிடுவதில்லை.

பணம் வேறு வழியில் வருகிறது. 2013-ல் நிப்ஸி ஹஸ்ஸில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தன் பாட்டுத் தொகுப்பை ஆயிரம் பிரதி மட்டும் அச்சடித்து, ஒன்று 100 டாலர் என்று விற்றார். பலர் சிரித்தார்கள், ராப்பர் ஜே-ஸி ஒருவரே 100 பிரதி வாங்கினார். இன்றைக்கு பஃபலோவின் கிரிசெல்டா கூட்டம், நியூயார்க்கின் பில்லி வுட்ஸ் போன்ற ராப்பர்கள் கிட்டத்தட்ட அந்த வழியில்தான் பிழைக்கிறார்கள்: சின்னக் கூட்டம், விலையுள்ள வினைல், நேரடி விற்பனை. பட்டியல் பக்கமே திரும்பாமல் ஒரு ராப்பர் வருடாவருடம் ஆல்பம் போட்டுக் குடும்பம் நடத்துவது தொண்ணூறுகளில் அவ்வளவு சுலபமான காரியமில்லை.

பெரிய மேடையும் போய்விடவில்லை. 2025 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலின் இடைவேளையில் கென்ட்ரிக் பாடியதை 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள், சக ராப்பர் டிரேக்கைத் திட்டி எழுதிய ஒரு சண்டைப் பாட்டை அரங்கமே சேர்ந்து பாடியது. அதே பாட்டு அதற்கு ஒரு வாரம் முன்பு ஐந்து கிராமி வாங்கியிருந்தது. அந்த கிராமி மேடையிலேயே டோச்சி சிறந்த ராப் ஆல்பத்துக்கான விருதை வாங்கினார், அந்த விருது வரலாற்றில் மூன்றாவது பெண்.

இப்போது உங்களுக்கு நடைமுறையில் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி, எதைக் கேட்பது என்பதுதான். வரி வேண்டும் என்றால் கிளிப்ஸ் 2025-ல் போட்ட ஆல்பத்தில் ஆரம்பியுங்கள். பதினாறு வருடம் கழித்து அண்ணனும் தம்பியும் திரும்ப வந்திருக்கிறார்கள், முதல் பாட்டே அம்மா அப்பா இறந்ததைப் பற்றி, தம்பி அம்மாவைப் பற்றி ஒரு பகுதி, அண்ணன் அப்பாவைப் பற்றி ஒரு பகுதி. ஐம்பதை ஒட்டிய ஆட்கள் ஐம்பதை ஒட்டிய வயதின் துக்கத்தைப் பாடுவது நீங்கள் பள்ளியில் கேட்டபோது இந்த இசையில் இல்லாத ஒன்று. அப்புறம் லண்டனின் லிட்டில் சிம்ஸ், பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசு வாங்கிய ஆல்பம். டோச்சியைக் காதில் கேட்பதைவிட மேடை நிகழ்ச்சியாகப் பார்த்துவிடுங்கள். தமிழில் ராப்பர் அறிவு, அவரை ஏற்கனவே கேட்டிருப்பீர்கள், வரிகளை எழுதிவைத்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள்.

கடைசியாக, தூக்கம் வராத ஒரு ராத்திரிக்கு ‘டோனட்ஸ்’. 31 துண்டுகள், 43 நிமிடம், ராப் கிடையாது, வெறும் பீட். முதல் துண்டின் பேரிலேயே ‘அவுட்ரோ’, அதாவது முடிவு இசை; கடைசித் துண்டின் பேர் ‘வெல்கம் டு தி ஷோ’, அதாவது நிகழ்ச்சிக்கு வரவேற்பு. கடைசி முடிகிற இடமும் முதல் தொடங்குகிற இடமும் ஒன்றோடொன்று பொருந்தும்படி வெட்டியிருக்கிறார். ரிப்பீட்டில் போட்டுவிட்டு விளக்கை அணையுங்கள், தையல் எங்கே என்று தெரியாது.